சுப்பையாவுக்கு விழுந்த ஓட்டு

அடியே,

கொண்டைக்கடலை வேகிற வாசனை வீடெல்லாம் நிறைந்திருக்கிறது. நவராத்திரி வந்துவிட்டது. நீ இல்லாமலும் வந்துவிட்டது, வெட்கங்கெட்ட நவராத்திரி. பெருங்காய டப்பாவைத் திறந்தால் உன் குரல்தான் கேட்கிறது. "உப்பைக் கொறைடீ, ஓட்டுப் போடறவங்களுக்கு பிபி ஏறிடப் போகுது." கரண்டியோடு நின்று கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அழுததற்காக உன்னைத் திட்டினேன்.

நீ முதல் தடவை இந்த அமெரிக்க ஊரின் கவுன்சிலுக்கு நின்றபோது, வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்க, கட்சிக்காரர்கள் நமக்குப் பாடம் எடுத்தார்களே, நினைவிருக்கிறதா? வாசலில் நில்லு, சிரி, நோட்டீஸைக் கொடு, அடுத்த வீட்டுக்குப் போ. நீயும் பெரிய ஒழுங்குக்காரி மாதிரி தலையை ஆட்டினாய். முதல் நாள் முதல் தமிழ் வீட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாய். காபி வந்தது. கொலு பார்த்தோம். பாடச் சொன்னார்கள், கூச்சமே இல்லாமல் பாடினாய். வெளியே வந்தபோது தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பாக்கித் தெரு முழுக்க அப்படியே கிடந்தது. "இந்த லட்சணத்துல போனா அடுத்த தெருவுக்குத் தீபாவளிக்குத்தான் போவோம்" என்று நான் கத்தினேன். நீ காரில் சாய்ந்துகொண்டு, "அந்த வீட்டம்மா இன்னிக்கு ராத்திரியே பத்து பேருக்கு போன் பண்ணுவா பாரு" என்றாய். அதோடு விடவில்லை. நம்மூர்க் கடைகள் வரிசையாக இருக்கிற ஓக் ட்ரீ ரோடில் வாங்கிய தாம்பூலப் பைகளில் தேங்காய்க்கும் ரவிக்கைத் துணிக்கும் நடுவே உன் நோட்டீஸைச் செருகினாய். கட்சி ஆபீஸில் அதைக் கேட்டவர்களுக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை.

இந்த ஊரில் புல்வெளியில் நடுகிற போர்டில் கடைசிப் பெயரைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். உன் கடைசிப் பெயர் உன் அப்பா பெயர். விருதுநகரில் தபால்காரராக இருந்த மனிதர், நியூ ஜெர்சியில் வீட்டுக்கு வீடு சிவப்பும் நீலமுமாக நின்றார். 'சுப்பையா, கவுன்சிலுக்கு.' அதைப் பார்த்து நீ தெருவிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "எங்கப்பா வார்டு மெம்பருக்குக்கூட நின்னதில்லடீ. இப்ப அவருக்கு வெள்ளைக்காரன் ஓட்டுப் போடறான்!"

எதிரே நின்றது அந்தக் குடும்பம். தாத்தா பெயரில் பூங்கா, அப்பா பெயரில் நூலகம், அத்தை பெயரில் பாலம். பேரன் ஓட்டுக் கேட்டுப் போர்டு நட வேண்டிய அவசியமே இல்லை, ஊரே அவன் போர்டுதான். வேட்பாளர் கூட்டத்தில் அவன் நெஞ்சில் கை வைத்து, மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் இந்த ஊருக்கு உழைத்திருக்கிறது என்றான். நீ மைக்கை இழுத்து, "பாவம், களைச்சுப் போயிருப்பீங்க. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்களேன்" என்று உன் இங்கிலீஷில் சொன்னாய். அரங்கம் கொல்லென்று சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான். அந்தத் தடவை தோற்றாய். அடுத்த தடவை ஜெயித்தாய்.

ஜெயித்து என்ன செய்தாய்? ரயில் நிலையத்துக்குப் போகிற ரோட்டில் நடைபாதை போட வைத்தாய். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த பெரியவர்கள், குல்லாயும் ஸ்வெட்டருமாகக் கார்களுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த ரோடு அது. இன்று சாயங்காலமானால் அங்கே கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். யார் போட்ட பாதை என்று அவர்களுக்குத் தெரியாது. அதைப் பற்றி நீ கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற ரோட்டுக்கும் பாதை கேட்டுக்கொண்டிருந்தாய். அதற்குள் உன் தலைக்குள்ளே ஒரு நரம்பு வெடித்தது. பதவிக்காலம் பாதியில் நின்றது.

உன் காரியங்கள் முடிந்த மறுநாளே கட்சித் தலைவி உன் வீட்டுக்கு வந்தாள். கையில் அவளே சுட்ட ஆப்பிள் பை. நல்ல மனுஷிதான், உன் படத்தைப் பார்த்துக் கண் கலங்கினாள். பிறகு கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். காலியான இடத்துக்குக் கவுன்சில் ஒருவரை நியமிக்கும், நவம்பரில் தேர்தல் வரும், மக்கள் சுப்பையா என்ற பெயரை நேசிக்கிறார்கள், அதனால் உன் மகள் மீரா அந்த இடத்தில் உட்கார வேண்டும். இங்கே அதுதான் வழக்கம் என்றாள். புருஷன் போனால் பெண்டாட்டி, அப்பா போனால் பிள்ளை.

ஆனால் மீராவின் கடைசிப் பெயர் சுப்பையா இல்லையே! தலைவி குழம்பிப் போனாள். அம்மாவுக்கு ஒரு குடும்பப் பெயர், மகளுக்கு வேறொன்றா? நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயரைத்தான் வைத்துக்கொள்வோம், தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும் என்று உன் வீட்டுக்காரர் பொறுமையாக விளக்கினார். அவள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். கோர்ட்டில் பேரை மாற்றிக்கொண்டால் போயிற்று.

"அவ பேரு நிக்கட்டுமேன்னு எனக்கும் தோணுது" என்று உன் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. உன் பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூட எடுக்காமல் வைத்திருக்கிற மனுஷன், பெயரை மட்டும் எப்படி விடுவார்?

மீரா சோபா ஓரத்தில் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹூஸ்டனில் அவளுக்கு வேலை, தோழிகள், தனக்கென்று ஒரு வாழ்க்கை. அதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு உன் நாற்காலியில் வந்து உட்கார வேண்டும், உன் பெயரையும் மாட்டிக்கொண்டு. "ஆன்ட்டி, டூ ஐ ஹேவ் டு?" என்றாள் என்னிடம். சின்னப் பிள்ளையில் ஊசி போடப் போகும்போது கேட்பாளே, அதே குரல்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "வேணாம்டா கண்ணு. நீ ஹூஸ்டனுக்குக் கிளம்பு" என்றேன். தலைவியிடம் திரும்பி, இவளுடைய அம்மா, தாத்தா பெயரிலும் அப்பா பெயரிலும் ஓட்டு வாங்குகிற குடும்பத்தை எதிர்த்து நின்றவள், இப்போது அவள் பெயரையே இவள் கழுத்தில் மாட்டுகிறீர்களே, உங்களுக்கே நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். "சீட்டுக்கு ஆள் வேணும்னா நான் கேக்கறேன். என் பேர்ல கேக்கறேன்." உன் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து, "காபி போடட்டுமா?" என்றார். அவர் சம்மதம் அவ்வளவுதான்.

கேட்டேன். கொடுக்கவில்லை. நவம்பர் வரைக்கும் என்று சொல்லி அந்தப் பேரனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அனுபவமுள்ள குடும்பமாம்! அன்று கவுன்சில் கூட்டத்தில் அவனுக்குக் கை தட்டினார்கள், நான் தட்டவில்லை. அவன் நேரே என்னிடம் வந்து, உன் சாவுக்கு வருத்தம் சொன்னான். பையன் மோசமில்லை. மோசமில்லாதவனை எதிர்த்துத்தான் நிற்க முடியாது என்கிறார்கள் நம்மவர்கள். ஏன் முடியாது? நவம்பர் தேர்தலில் நானே நிற்கிறேன். "அந்த மீராப் பொண்ணு நின்னிருந்தா அனுதாபத்துலயே ஜெயிச்சிருக்கும், நீங்கதான் கெடுத்துட்டீங்க" என்று கடையில் ஒரு அங்கிள் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "ஆமா அங்கிள், நான்தான் கெடுத்தேன். வெண்டைக்காய் முத்தல், பாத்து எடுங்க" என்றேன்.

உன் படத்தை நோட்டீஸில் போடச் சொல்கிறார்கள். போட மாட்டேன். உனக்காக ஓட்டுப் போடுங்கள் என்று ஒரு வாசலிலும் கேட்க மாட்டேன். தோற்றால் நானே தோற்றுக்கொள்கிறேன். ஸ்டேஷன் பின்னால் இருக்கிற ரோடு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. அது என் கண்ணை உறுத்துகிறது, உன் கண்ணை உறுத்தின மாதிரியே. நீ போன பிறகு என்னிடம் மிச்சமிருப்பது அந்த உறுத்தலும், உன்னோடு சேர்ந்து கெட்டுப்போன என் வாயும்தான்.

நேற்று புதிதாகக் குடிவந்த ஒரு தமிழ் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த பெண் கையில் குழந்தையை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அந்த சுப்பையா மேடத்துக்குச் சொந்தமா? தங்கச்சியா? அவங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன். அவங்க வீட்டு ஆள்னா கண்டிப்பாப் போடறேன்."

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பொய்யும் இல்லையே, உன்னைவிடக் கூடப்பிறந்தவள் எனக்கு யார்?

"சொந்தமில்லைங்க" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "அப்புறம் எதுக்கு உங்களுக்குப் போடணும்?"

"அப்படிக் கேளுங்க" என்று நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.