மூன்று வருடம் துப்பிய மருந்து

பெல்ச்சர் பள்ளத்தாக்கு, கென்டக்கி
அக்டோபர் 9

அன்பு மகள் டொனீட்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தெய்வ கிருபையால் உயிரோடும் வழக்கமான சண்டையோடும் இருக்கிறோம், அங்கே அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். காலெப் பட்டம் வாங்கிய படம் வந்து சேர்ந்தது. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சர்ச், கடை, ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் காட்டியாகிவிட்டது. ரத்தம் எடுக்கிற பெண் ஊசியைக் குத்திக்கொண்டே பார்த்து ராஜா மாதிரி இருக்கான் பாட்டி என்றாள், குத்துப்பட்டது உன் அப்பா என்பதால் எனக்கு வலி ஒன்றும் தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ போன மாத ஆரம்பத்தில் டாக்டர் விட்லாக்குக்கு நேரே போன் போட்டு, அப்பாவை லெக்சிங்டன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நுரையீரலில் கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள், குடும்பத்துக்குச் சம்மதம் என்று சொன்னாயாமே. அந்த நேரத்தில் குடும்பம் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா, நான் பீன்ஸை நூலில் கோத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன், உன் அப்பா சாய்வு நாற்காலியில் இருமிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை. பயத்தில் செய்தாய், கோபமில்லை. எழுபத்து நாலு வயதில் நெஞ்சைத் திறந்தால் மனுஷன் திரும்பி வீட்டுக்கு வருவாரா என்று எனக்கும் பயம்தான். அதனால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கிளினிக்கில் இப்போது சுவரெல்லாம் புது அட்டை ஒட்டியிருக்கிறார்கள், சிரிக்கிற கிழவன் கிழவி படம், உங்கள் சிகிச்சை உங்கள் முடிவு என்று கொட்டை எழுத்தில். அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பெண் ஒரு தாளை நீட்டி, டாக்டரோட எல்லாத்தையும் கலந்து பேசி நீங்களே முடிவெடுத்தீங்கன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க ஐயா என்றாள். இன்னும் உள்ளயே போகலயேம்மா என்றார் உன் அப்பா. அதனாலதான் இப்பவே போட்டுட்டா நேரம் மிச்சம் என்றாள் அவள். போட்டார். இன்னொரு தாளில் இன்ஹேலர் பயன்படுத்தத் தெரியுமா, ஆம், இல்லை. மலைக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் வீட்டளவு இயந்திரத்தை ஓட்டிய மனுஷன், பிஸ்கட் அளவு மருந்து டப்பாவைப் பார்த்துத் தெரியாது என்று எழுதுவாரா. மூன்று வருடமாக ஒவ்வொரு தடவையும் ஆம் என்றுதான் கோடு போட்டிருக்கிறார். அவர்களும் மூன்று வருடமாக மூச்சு ஏன் குறைகிறது என்று தலையைச் சொறிந்து, ஊதா டப்பாவுக்குப் பக்கத்தில் சிவப்பு டப்பா, அதற்குப் பக்கத்தில் முகத்தை வீங்கவைக்கிற மாத்திரை என்று ஏற்றிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் ஏற்ற ஒன்றுமில்லாமல்தான் கத்திக்கு வந்தது.

வெட்டுவதற்கு முன்னால் மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு வந்தாக வேண்டுமாம், அது விதி. தொழிற்சங்கக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஜெரில் என்ற பெண் நடத்துகிறாள், அவள் அப்பாவும் சுரங்கத்தில் உயிரை விட்டவர்தான். ஐந்து கிழவர்கள், எல்லாம் பழைய சுரங்க ஆட்கள், மனைவிமார் நாங்கள் பின்வரிசையில். அவள் தாள் ஒன்றும் கொடுக்கவில்லை. உங்களுக்குத் தெரியுமான்னு நான் கேக்க மாட்டேன், டப்பாவை எடுங்க, செஞ்சு காட்டுங்க என்றாள். உன் அப்பா எடுத்தார், விசையைத் தள்ளினார், வாயில் வைத்தார், தூள் நாக்கில் பட்டதும் தொண்டையை இறுக்கி மூச்சை நிறுத்தினார், பிறகு கூடவே வைத்திருக்கிற துப்பு டப்பாவில் சுத்தமாகத் துப்பினார். அடுத்த மூன்று பேரும் அப்படியே, யாரோ தாளம் போட்ட மாதிரி. துப்பாதவன் டென்சில் ஒருவன்தான், அவனுக்குக் குழலில் போட்டு இழுக்கிற மாத்திரை, அவன் அதைக் காப்பியோடு விழுங்கிவிட்டு நல்லாத்தான் இறங்குது பொண்ணே என்றான்.

ஜெரில் சிரிக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஐயா நீங்க யாரும் மருந்து எடுக்கல, சுரங்க ஷிப்டுக்குப் போயிட்டீங்க என்றாள். உன் அப்பாவுக்கு ரோஷம். தூள் வாய்க்கு வந்தா மூச்சை நிறுத்து, உள்ள இழுத்தா செத்த, துப்புன்னு முதல் நாளே என் மேஸ்திரி சொன்னாரு, முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் பொழச்சேன் என்றார். டென்சில், பொழச்ச லட்சணம் உன் எக்ஸ்ரேல தெரியுதுடா ஆர்லிஸ் என்றான். இவர், நீ காப்பியில குடிச்சியே, உன் எக்ஸ்ரேயை வயித்துலதான் எடுக்கணும் என்றார். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து இருமல் பிடித்து, ஜெரில் ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

எனக்குச் சிரிப்பு வரவில்லை டொனீட்டா. மூன்று வருடமாகத் தினம் இரண்டு வேளை அவர் துப்புவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். ஆரம்பத்தில் டப்பாவைக் கொடுத்த நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டே, கடைசியில வாய் கொப்பளிச்சுத் துப்பிடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள், எங்களுக்கு அந்தத் துப்புதான் மனதில் நின்றது. டப்பாவோடு வந்த தாளைப் படுக்கை விரிப்பு மாதிரி விரித்து, எறும்பு எழுத்தில் விரல் வைத்துப் பாதிவரை படித்தேன். ஐந்தாவது படித்தவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாமல் இல்லை, பாதிக்குமேல் எனக்கே மூச்சு வாங்கியது.

வீட்டில் பழக்கினேன். டப்பாவுக்கு வெளியே மூச்சை முழுக்க விடு, வாயில் வை, வேகமாக ஆழமாக இழு, பத்து எண்ணும்வரை பிடி. சொல்ல லேசு. தூள் பட்டதுமே தொண்டை தானாகப் பூட்டிக்கொள்கிறது, மனசு இழு என்றாலும் உடம்பு கேட்பதில்லை. பதினோராவது நாள் காலை, ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். நான் எண்ணினேன். பத்து ஆனதும் அவர் கண்ணைப் பார்க்க வேண்டுமே, ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்ட பிள்ளை மாதிரி. அதற்கப்புறம் மூன்று வாரம். நுரையீரல் புதிதாக முளைத்துவிடவில்லை, கரி அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் தபால் பெட்டிவரை போக மூன்று இடத்தில் நின்றவர் இப்போது ஒரு இடத்தில் நிற்கிறார், மாட்டுக்கொட்டகையில் நின்று என்னைத் திட்டினால் சமையலறைவரை கேட்கிறது.

நேற்று முடிவெடுக்கிற நாள். டாக்டர் விட்லாக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே, உங்க விருப்பம் என்னங்க ஐயா என்று கேட்டார். உன் அப்பா பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார், அதற்குள் டாக்டர், சரி, உங்க பொண்ணும் சொல்லிட்டாங்க, இருபத்தாறாம் தேதி வச்சுக்கலாமா என்றார். உன் அப்பா கையைத் தூக்கினார். தம்பி, மூணு வருஷமா உங்க மருந்து துப்பு டப்பாவுக்குள்ளதான் போச்சு, நெஞ்சுக்குள்ள போயி மூணு வாரம்தான் ஆகுது என்றார். டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. யாரும் சொல்லித் தரலையா, இங்க பாருங்க நான் காட்டறேன் என்று மாதிரி டப்பா ஒன்றை எடுத்து விசையைத் தள்ளி, வாயில் வைத்து, அதற்குள்ளேயே மூச்சை விட்டார். வெள்ளைத் தூள் பறந்து அவர் மூக்குக் கண்ணாடியில் மாவு சலித்த மாதிரி உட்கார்ந்தது. உன் அப்பா என் கைக்குட்டையை வாங்கி நீட்டினார், பிறகு தன் டப்பாவை எடுத்து எப்படி என்று செய்து காட்டினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மோசமான பையன் இல்லை டொனீட்டா. நல்லாச் செய்யறீங்க ஐயா, எனக்கு இதை யாரும் இப்படிக் காட்டினதில்ல என்று ஒத்துக்கொண்டார்.

வெட்டினால் என்ன ஆகும், வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்று உன் அப்பா கேட்டார், முதல்முறையாக. டாக்டரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதல்முறையாகச் சொன்னார். கேட்டுவிட்டு இவர், பன்னண்டு வாரம் மருந்தை ஒழுங்கா இழுத்துப் பாக்கறேன், அப்புறம் மறுபடி ஊதச் சொல்லி அளந்து பாருங்க, வெட்டறதா வேண்டாமான்னு நானே வந்து சொல்றேன் என்றார். டாக்டர் தலையாட்டிவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினார். திரையில் என்ன விழுந்தது என்று நான் எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே படித்தேன், நோயாளி சிகிச்சையை மறுத்துவிட்டார். உன் அப்பா எழுந்திருக்கவில்லை. நான் மறுக்கலையே தம்பி, முடிவு பண்ணினேன் என்றார். டாக்டர் பாவம், ஐயா இதுல சம்மதம், மறுப்புன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு, மூணாவது இல்ல என்றார். வெளியே சுவர் முழுக்க உங்கள் முடிவு, உள்ளே அதை வைக்க இடமில்லை. எனக்கு அவசரமில்லை, உக்காந்திருக்கேன் என்றார் இவர். கால் மணி நேரம் தேடி, கடைசியில் நர்ஸ் எழுதுகிற ஒரு மூலையைக் கண்டுபிடித்து டாக்டர் தன் கையாலேயே தட்டினார், ஜனவரியில் நோயாளி முடிவைச் சொல்வார் என்று. நான் இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் கிளம்பினோம்.

காலெப்புக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. பனியில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த சந்தோஷத்தோடும் இரு. ஒன்றை மட்டும் மறக்காதே, கிளினிக் தாளில் உன் நம்பர்தான் இருக்கிறது, அவர்கள் உனக்குப் போன் செய்வார்கள், என் அப்பாவிடம் கேளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிடு. நீயும் ஞாயிற்றுக்கிழமை அவரையே கூப்பிட்டுக் கேள். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு தடவை நிறுத்துவார். நிறுத்தினால் பேசி முடித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா
வெர்னா