தேக்கின் அடியில் வாள் தடம்

அன்புள்ள மச்சான் உதுமாலெவ்வை,

அல்லாஹ் உன் கப்றுக்குழியை விசாலமாக்கட்டும். எட்டு வருடமாக மனதுக்குள்ளேயே உன்னோடு சண்டை பிடித்தவன் இன்று எழுதுகிறேன். ஊராரும் வாசிக்கட்டும்.

சூறாவளி கல்முனைத் தென்னைகளைத் திருகி எறிந்துவிட்டு, அம்பாறைக்கு மேற்கே அரசாங்கத் தேக்கங்காட்டையும் அடித்துச் சாய்த்ததே! விழுந்த மரங்களை இரண்டாள் பிடித்திழுக்கும் அறுப்பு வாளால் நீயும் நானும் அறுக்கப் போனோம். கொப்புகளைக் குவித்துக் கொளுத்தினோம். காடு ஒரு மாதம் புகைந்தது.

அன்று நண்பகல், லுஹர் தொழுகை நேரம். சாய்ந்து கிடந்த பெரிய தேக்கின் வேர் பிடுங்கிய குழியில் மழைத்தண்ணீர் தெளிந்து நின்றது. "மச்சான், கைகால் கழுவி ஒழு எடுத்துட்டு வாறன். நான் வரமட்டும் வாளத் தொடாத," என்றாய். லொறி வரும் நேரம், எனக்கு எரிச்சல். "நீ போய்த் தொழு, நான் அறுக்கன்," என்று, நீ குழிக்குள் இறங்கியதும் பாதி அறுத்திருந்த தண்டில் வாளைத் தனியாக இழுத்தேன்.

தண்டு அறுந்ததும், சுவர்போல் நின்ற வேர்க்கட்டி மண்ணோடு திரும்பி நிமிர்ந்து குழியை அடைத்துக்கொண்டது. நீ கத்தக்கூட இல்லை. கையால் தோண்டினேன், இரண்டு நகம் கழன்றது. உன் நெஞ்சு நசுங்கிப் போயிருந்தது மச்சான். ஓடி வந்தவர்கள் உன்னைத்தான் பார்த்தார்கள், மரத்தைப் பார்க்கவில்லை.

"மரம் தானா முறிஞ்சி நிமிர்ந்திட்டு," என்றேன். உன் மனைவி, என் தங்கை, நம்பினாள். "அல்லாட நாட்டம் காக்கா," என்று அண்ணனான எனக்கே ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலை எப்படித்தான் வாங்கிக்கொண்டேனோ?

உன் மகள் நஸீமா இப்போது உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிறாள். இந்த வருடமும் மழை பிந்தி வயல் வெடித்துக் கிடக்கிறது. "மரம் காத்துல இருக்கிற காபன எடுத்துத்தான் வளருதாம் மாமா. மழை இல்லாட்டி எவ்வளவு குறையுது எண்டு வாப்பாட மரத்து வளையத்துல பாக்கணும்," என்று பிடிவாதம். சாக்குச் சொல்லி அலுத்து, போன கிழமை கூட்டிப் போனேன்.

உன்னைக் கொன்ற மரம் உயிரோடு நின்றது! அடிக்கட்டையிலிருந்து இரண்டு தண்டு தளிர்த்து, மூன்றாள் உயரம். வெறி பிடித்து ஒன்றைக் கோடாரியால் வெட்டிச் சாய்த்தேன். அவள் நிதானமாகக் குந்தி வளையங்களை எண்ணினாள். முதல் வளையங்கள் விரல் அகலம், கடைசி மூன்றும் மயிரளவு.

"மழை பிந்தினா இதுவும் பட்டினிதான் மாமா. எரிச்சா, சேத்து வைச்ச காபன் எல்லாம் திரும்பக் காத்துக்குத்தான் போகும்."

நாம் கொளுத்திய புகைதான் இன்று வெயிலாகத் திரும்பி வருகிறதா மச்சான்?

பிறகு அவள் அடிக்கட்டையின் சருகைத் தட்டிவிட்டாள். விரலால் தடவினாள்.

"தானா முறிஞ்ச எண்டீங்களே மாமா. இதுல வாள் தடம் இருக்கே?"

கோடாரியைத் தோளில் போட்டு நடந்தேன். பஸ்ஸில் அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. வாசலில் மட்டும், "உம்மாட்ட நீங்களே கதைங்க," என்றாள். தாயிடம் இதுவரை அவள் வாய் திறக்கவில்லை. எனக்காகக் காத்திருக்கிறாள்.

மிஞ்சிய தண்டில் என் கோடாரி இனிப் படாது. இன்று அஸர் தொழுதுவிட்டு உன் வீட்டுக்குப் போகிறேன், எல்லாவற்றையும் சொல்வேன். தங்கை அடித்தால் வாங்கிக்கொள்வேன். மறுபடியும் ஆறுதல் சொன்னால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நீ ஒழு எடுத்து வரும்வரை பொறுக்காத,
உன் பெண்சாதியின் காக்கா,
இபுறாலெவ்வை