நிக்கோலாசாவின் காகிதக் கிரீடம்

மலைக்காடு,
9 நவம்பர் 1927

அன்புள்ள கொம்பாத்ரே பிதென்சியோ அவர்களுக்கு,

உங்கள் ஞானமகள் நிக்கோலாசா இன்று விடியற்காலையில் கக்குவானில் போய்விட்டாள். சின்னக் குழந்தை செத்தால் உடுப்பு போட்டுக் கிரீடம் வைக்க வேண்டியவர் ஞானத்தந்தை, அதாவது பெற்றவனுக்குக் கொம்பாத்ரே ஆனவர். பெற்றவன் கை படக்கூடாது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?

அரசாங்கம் நிலம் தந்தது, அதற்காக அதன் துப்பாக்கியைத் தூக்கினீர்கள். அரசாங்கத்தின் சட்டத்தால் கோயிலில் பூசை நின்றுபோனதால், அதை எதிர்த்து நான் துப்பாக்கியோடு மலையேறினேன். நாளைக்கு அடக்கம்; அந்தச் சண்டை அன்று ஒரு நாள் வேண்டாம். எங்கள் கேப்டனிடமும் கேட்டுவிட்டேன். "வரட்டும்ப்பா, சாவுக்கு வர்றவரை யாரு தொடப்போறா?" என்றார். ஆற்றுத்துறை வழியாக வாருங்கள். இது என் வாக்கு.

எலுத்தேரியோ

சான் கஸ்பார்,
அன்று மாலை

அன்புள்ள கொம்பாத்ரே,

படித்ததும் உடைந்துபோனேன். ஹசிந்தா தன் கல்யாண உடுப்பை வெட்டிக் குழந்தைக்குத் தைத்தாள். நான் தங்கக் காகிதத்தில் கிரீடம் செய்தேன். கடிதம் கொண்டுவந்த உங்கள் அக்காளிடமே இரண்டையும் கொடுத்தனுப்புகிறேன்.

நான் வரவில்லை. சேணம் கட்டி முடித்தபோது ஹசிந்தா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள். "நிலம் வாங்குன ரெண்டு பேரைப் போன மாசம் மரத்துல தொங்கவிட்டது அதே கேப்டன்தானே? அவரு பேச்சை நம்பியா போறீங்க?" என்றாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள்.

பிதென்சியோ

சான் கஸ்பார்,
7 ஜூலை 1929

அன்புள்ள கொம்பாத்ரே,

ஆயர்களும் அரசாங்கமும் சமாதானமாகிவிட்டார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு கோயில் மணி அடித்ததும், மாவு அரைத்துக்கொண்டிருந்த ஹசிந்தா அப்படியே உட்கார்ந்து அழுதாள். நீங்களும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பியதாகக் கேள்விப்பட்டேன்.

'அந்தக் கோழை என் கொம்பாத்ரே இல்ல' என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னதும் என் காதுக்கு வந்தது. சொல்ல வேண்டியதுதான். ஞாயிறு பெரிய பூசைக்கு வாருங்கள். பிறகு நம் வீட்டில் சாப்பாடு. நேரில் ஒரு தடவை என்னைத் திட்டிவிடுங்கள், போதும்.

பிதென்சியோ

லா ஹொயா,
11 ஜூலை 1929

பிதென்சியோ அவர்களுக்கு,

சமாதானம் பேசியவர்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதிரியார் சொன்னார், துப்பாக்கியைக் கொடுத்துவிட்டேன்.

கொடுக்கும் இடத்தில் எனக்கு முன்னால் நின்ற எங்கள் படையாள் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "உன் பொண்ணு சாவுக்கு வர்ற ஆளைச் சுடணும்னு கேப்டன் உத்தரவு. நாள் முச்சூடும் துறையில படுத்துக் கெடந்தோம். அந்தாளு வரவேயில்ல, குளிருதான் மிச்சம்."

கிரீடத்தை நானேதான் வைத்தேன். அந்த ஆத்திரத்தில் உங்களை எவ்வளவு ஏசினேன்! என் வாக்கை நம்பாததால்தான் இன்று நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். இதைத் தெரிந்துகொண்டு உங்கள் வீட்டில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவேன்? ஹசிந்தா முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அவருக்கு என் கும்பிடு.

ஞாயிறு பெரிய பூசைக்கு நீங்கள் போங்கள். நான் விடியற்காலைப் பூசைக்குப் போய்க்கொள்கிறேன்.

எலுத்தேரியோ