கட்டைவிரல் வைக்க மாட்டேன்

பிப்ரவரி 2

அன்பு மகளுக்கு,

அது எந்த வருஷம் என்று கேட்டிருந்தாய். ஆற்றுப் பாலம் நடுவில் பிளந்து, சிமெண்ட் லாரி ஒன்று முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்க நின்றதே, அந்த வருஷம். பால் பண்ணையில் கண்ணாடிப் பாட்டிலை நிறுத்திவிட்டு உறையில் போட ஆரம்பித்ததும், முதல் நாளே பாதி உறை ஒழுகி வாசலெல்லாம் பாலாக ஓடியதும் அந்த வருஷம்தான். உன் மகள் முன்பல் இரண்டும் விழுந்து, சிரிக்க மாட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு திரிந்ததும் அதே வருஷம். புதுப் பாலத்தின் கல்லில் வெட்டியிருக்கும் வருஷத்திலிருந்து இரண்டைக் கழித்தால் சரியாக வரும் என்று நர்ஸம்மா சொல்கிறார். கீழ்வீட்டு நர்ஸம்மாதான் எனக்காக இதை எழுதுவது. போனில் நீ பேசுவது எனக்குக் கொசு பாடுவது போலத்தான் கேட்கிறது.

ஆக, நீ மாட்டு ஊசியைக் கீழே வைத்துப் பதினெட்டு வருஷம். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டிய பதிவை மூன்று தடவை கோட்டை விட்டிருக்கிறாய். நான் கைநாட்டு. போர்டு படிக்கத் தெரியாமல், நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துப் பால் டேங்கர் ஓட்டியவன். என் டிரைவர் லைசென்ஸ் ஒரு நாள்கூட செத்ததில்லை. மாட்டுக்குள்ளே எந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஐந்து வருஷம் காலேஜில் படித்தவள் நீ.

கோபமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே என்று எழுதச் சொல்கிறார் நர்ஸம்மா. கோபமாகத்தான் சொல்கிறேன். இப்போதாவது புத்தி வந்ததே. போய் வாங்கு.

இப்படிக்கு,
அப்பா


பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

வருஷம் சரி. காலேஜில் இருந்த என் பழைய தாள்களோடு ஒத்துப்போகிறது. உங்கள் தலைக்குள் என்ன பீரோ வைத்திருக்கிறீர்களோ.

கால்நடை மருத்துவக் கவுன்சில் ஆபீஸுக்குப் போனேன். இவ்வளவு காலம் பதிவு விட்டுப்போனால் ஏன் விட்டேன் என்று காரணம் எழுதித் தர வேண்டுமாம். தக்க காரணம் என்று ஒப்புக்கொண்டால் உடனே புதுப்பித்துவிடுவார்கள். இல்லையென்றால் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடியும் பரீட்சை, அப்புறம் ஆறு மாதம் இன்னொரு டாக்டருக்குக் கீழே பயிற்சி. அங்கே இருந்த கிளார்க் இரக்கப்பட்டவர். "வீட்டுல யாருக்காவது நீண்ட நாள் சீக்குன்னு எழுதுங்கம்மா. அதுக்கு மேல யாரும் தோண்ட மாட்டாங்க" என்றார்.

நான் டோக்கன் எழுதும் நாய் பூனை ஆஸ்பத்திரி உங்களுக்குத் தெரியும். மார்ச் முடிவதற்குள் என் பதிவு எண்ணுக்கு உயிர் வந்தால் இரண்டாவது அறையை எனக்கே தருகிறேன் என்கிறார் டாக்டரம்மா. அதற்கு மேல் காத்திருக்க அவராலும் முடியாது. அந்த அறையை வேறு ஆட்களும் கேட்டிருக்கிறார்கள்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது வருஷம் படுக்கையில் இருந்தீர்கள், நான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன், அதனால் தொழிலுக்குத் திரும்ப முடியவில்லை என்று அதில் இருக்கிறது. கடைசி வரிக்குக் கீழே இடது கட்டைவிரலை வைத்து அனுப்பிவிடுங்கள். முறைக்காதீர்கள். யாருக்கும் நஷ்டம் இல்லாத பொய்.

பேத்தி உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 19

மகளுக்கு,

தாள் வந்தது. நர்ஸம்மா சத்தமாகப் படித்தார். பக்கவாதம் என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எந்தப் பக்கம் விழுந்துச்சு பெரியவரே, இடதா வலதா? எனக்குத் தெரியாம எப்ப விழுந்துச்சு?" என்றார். காலி கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து மாடியிலிருந்து இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது வருஷம் என்னைப் படுக்க வைத்திருக்கிறாய். சளிக்குக்கூட ஒரு பகல் படுக்காதவன். நீ சொல்லும் அந்த வருஷங்களில் தினமும் டேங்கரோடு பால் பண்ணை கேட்டில் நின்றவன் நான். மேலே ஏறி மூடியைத் திறந்து, நீளக் கரண்டி விட்டுப் பால் எடுத்துச் சோதித்தவர்கள் யார்? உன் காலேஜில் படித்துவிட்டு வந்த சின்ன டாக்டர்கள். என் மீசையைப் பார்த்ததும் "மீசை வந்தாச்சு, கேட்டைத் தெற" என்று கத்தினவர்கள். இன்றைக்கு அவர்கள்தான் உன் கவுன்சிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தத் தாள் அவர்கள் கைக்குப் போனால் பரீட்சை வைக்க மாட்டார்கள், போலீஸைக் கூப்பிடுவார்கள். பொய் சொல்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது நம் வம்சத்தில் கிடையாது.

சரி, மாட்ட மாட்டோம் என்றே வைத்துக்கொள். அப்போதும் விரல் வைக்க மாட்டேன்.

நீ ஏன் விட்டாய் என்று உனக்குத் தெரியாதா, எனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரனைப் பற்றி நான் சொன்ன வார்த்தையை எழுத மாட்டேன் என்கிறார் நர்ஸம்மா. "அந்த மனிதர்" என்று போடுகிறாராம். நீ நான் சொன்ன வார்த்தையையே வைத்துப் படித்துக்கொள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பண்ணையில் லோடு இறக்கிவிட்டு, பேத்தியைப் பார்க்க உன் வீட்டுக்கு வந்திருந்தேன். "மாட்டு டாக்டரம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரு பால்காரர் ஓடிவந்தார். அவர் பசுவுக்குக் கன்று தலையைப் பின்பக்கம் மடக்கிக்கொண்டு வெளியே வராமல் நின்றுவிட்டது. நீ தோள்வரை கையை விட்டுத் தலையை நேராக்கி, தாயையும் கன்றையும் பிழைக்க வைத்துவிட்டு வந்தாய். பின்பக்கக் குழாயில் மருந்து சோப்புப் போட்டு, தோல் சிவக்கக் கழுவினாய். கூடத்தில் எல்லோருக்கும் நீயே பரிமாறினாய். அந்த மனிதர் தட்டைத் தள்ளினார். "இந்தக் கை எங்க போயிட்டு வந்துச்சுன்னு தெரிஞ்சப்புறம் எப்படித் தொண்டையில எறங்கும்?" என்று கேட்டார். உன் மாமியார், "சோப்புக்கெல்லாம் போற நாத்தமா அது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் உன் மருந்துப் பெட்டி பரணில் ஏறியது.

சீக்கு எனக்கா வந்தது? அந்த வீட்டுக்கு வந்தது. அதை எழுது. கட்டைவிரல் என்ன, பாதத்தையே மையில் தோய்த்து வைக்கிறேன்.

அப்பா

பி.கு: ரத்த அழுத்தம் பார்த்தேன். இதைச் சொல்லி முடித்தபோது ஏறியிருந்தது. அவருக்கு இருக்கும் சீக்கு அது ஒன்றுதான். – நர்ஸ்


பிப்ரவரி 27

அப்பாவுக்கு,

உங்கள் கை நலம், கால் நலம், கௌரவம் அதைவிட நலம் என்று அறிந்தேன். சந்தோஷம்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் துண்டில் சுற்றி ஆண் பூனையைக் கொண்டுவந்தாள். இரண்டு நாளாகச் சிறுநீர் போகவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மூத்திரப்பை கல்லாக இறுகியிருந்தது. மெல்லிய குழாயை விட்டு அடைப்பை எடுத்தால் பிழைத்துக்கொள்ளும். குழாய் என் மேஜைக்குப் பக்கத்து இழுப்பறையில்தான் இருக்கிறது. டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார். பதிவு இல்லாத கை தொட்டால் குற்றம், ஆஸ்பத்திரியையே மூடிவிடுவார்கள். எங்கள் கூடையில் வைத்து, ஆட்டோ பிடித்து வேறு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டேன். வழியிலேயே போய்விட்டது. அந்தப் பெண் கூடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். என் முகத்தைப் பார்த்து, "நீங்க ஏன் அழறீங்க? டோக்கன் எழுதறவங்க நீங்க, ஒங்களுக்கு என்ன தெரியும் பாவம்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

விரலில் ஒட்டும் மையை சோப்புப் போட்டால் கழுவிவிடலாம் அப்பா. இதை எதில் போட்டுக் கழுவுவது?

உண்மையை எழுது என்கிறீர்கள். எப்படி எழுதுவது? என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளினார், ஆகவே பதினெட்டு வருஷம் தொழிலை விட்டேன் என்றா? "ஏம்மா, ஒரு வார்த்தைக்கா?" என்று அவர்கள் கேட்பார்கள். என்னை நானே கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்வி அது. நான் அவரை விட்டுத் தனியாக வந்ததோடு போகட்டும். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் அவளுடைய அப்பாவைக் கவுன்சில் காகிதத்தில் ஏற்ற மாட்டேன். அப்படியே ஏற்றினாலும், "நான் சொல்லவே இல்லை" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிடுவார். சாட்சி யார்?

நீங்களா? நீங்களும்தான் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். குனிந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட்டீர்கள். அன்றைக்கு வராத ரோஷம் இன்றைக்கு என் வேலையைக் கெடுக்க வருகிறது.

பதினைந்தாம் தேதிக்குள் தாள் வர வேண்டும். விரலோடு வந்தால் வரட்டும். இல்லாவிட்டால் இனிமேல் கடிதமும் வேண்டாம்.

மகள்


மார்ச் 8

மகளுக்கு,

கடிதம் வேண்டாம் என்றாய். சாட்சி யார் என்றும் கேட்டிருக்கிறாய். கேட்டால் பதில் வரும்.

முதலில் ஒன்றை நேராக்கிவிடுகிறேன். நான் குனிந்து சாப்பிடவில்லை. கையை உதறிவிட்டு எழுந்தேன். "பெட்டிய எடும்மா, வண்டி வாசல்ல நிக்குது" என்றேன். நீ என்ன செய்தாய்? கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "உக்காருங்கப்பா, இன்னும் கொஞ்சம் போடறேன்" என்றாய். கண்ணாலேயே என்னை உட்கார வைத்தாய். அவன் மேல் இருக்கும் கோபம் ஒரு பங்கு என்றால், அந்தக் கரண்டி மேல் எனக்கு இருப்பது இரண்டு பங்கு.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போனேன். நர்ஸம்மா இப்போது "அவன்" என்றே எழுதுகிறார். பூனை விஷயத்தைப் படித்தபின் அவருக்கும் மரியாதை குறைந்துவிட்டது.

எனக்கு நல்ல மரியாதை கிடைத்தது. "வாங்க மாமா, உக்காருங்க, ஃபேன் போடட்டுமா" என்றான். நாய் வளர்க்கிறான். உன் மகள் வாங்கிக் கொடுத்ததாம். மடியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அது நக்கிய கையாலேயே பிஸ்கட்டைப் பிட்டு அதற்குப் பாதி, தனக்குப் பாதி போட்டுக்கொள்கிறான். தொண்டையில் நன்றாகத்தான் இறங்குகிறது.

கேட்டேன். "எந்தச் சாப்பாடு மாமா?" என்றான். பாலம் உடைந்த வருஷம், ஞாயிற்றுக்கிழமை, கன்றுக்குட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "நானா சொன்னேன்? இருக்காதே. சொல்லியிருந்தாலும் சும்மா வேடிக்கைக்குச் சொல்லியிருப்பேன். குழந்தையப் பாத்துக்கணும்னு அவளேதான் விட்டா மாமா. ஏன் விடறேன்னு நான்கூடக் கேட்டேன்" என்றான்.

பொய் சொல்கிறவன் கண் எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியும். செக்போஸ்டில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அவன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே மறந்துவிட்டான். மறுத்திருந்தால் அங்கேயே இரண்டு அறை விட்டிருப்பேன். மறந்தவனை எந்த இடத்தில் அடிப்பது? தின்றவன் ஏப்பம் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். நீதான் அவனுக்காகப் பத்தியம் இருந்துகொண்டிருக்கிறாய்.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். விரல் வைக்கவில்லை. இரண்டாவது அறை கைவிட்டுப் போகும் என்று தெரிந்துதான் வைக்கவில்லை. பரீட்சை என்றால் எழுது. பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும், நீ கேட்காத சிரிப்பா? ஒரு வார்த்தைக்கா என்று நாற்காலிக்காரன் கேட்டால், ஆமாம், ஒரு வார்த்தைக்குத்தான் என்று சொல். அவன் பெண்டாட்டி எந்த வார்த்தைக்கு எதை விட்டாள் என்று அவன் வீட்டுக்குப் போய் விசாரித்துக்கொள்ளட்டும்.

சாட்சி கேட்டாயே, எண்ணிக்கொள். உன் மாமியார் செத்துவிட்டாள். அவனுடைய அண்ணனுக்குச் சர்க்கரையில் முதலில் கால் போனது, பிறகு ஆளே போனான். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்த பக்கத்து வீட்டுச் சர்வேயர், புதுப் பாலம் திறந்த மாதமே மாரடைப்பில் போனார். பாத்திரம் தேய்க்க வந்து கதவோரம் நின்ற அம்மாள், அன்றைக்குச் சிரிக்காத ஒரே ஆள், அவளும் இல்லை. உன் மகள் முன்னாடியே சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள். அவன் இருக்கிறான். மறந்தவனைச் செத்தவர்களோடு சேர்த்துவிடு. என்னை எண்ணாதே. நான் எழுந்தேன் என்கிறேன், நீ குனிந்தீர்கள் என்கிறாய். நம் இரண்டு பேர் பேச்சே ஒத்துவரவில்லை, இதில் பெற்றவன் சாட்சி கவுன்சிலில் எடுபடுமா?

அந்த வார்த்தையை நேராகத் தன் காதால் வாங்கி, ஒரு எழுத்துக் குறையாமல் இன்றைக்கும் வைத்திருக்கிறவள் இன்னும் ஒருத்தி இருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரிந்தவள். கட்டைவிரல் வைக்க வேண்டியதில்லை, கையெழுத்தே போடுவாள். அவளைக் கூப்பிட்டு எழுதச் சொல். யார் அவள் என்று கவுன்சிலில் கேட்டால், அந்தப் பக்கத்துப் பால்காரர்கள் எல்லோரும் கூப்பிட்ட பெயரையே சொல்: மாட்டு டாக்டரம்மா.