வலது கை நகங்கள்

திண்டிவனம்
4.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சித்ரா எழுதுவது. போனில் உன் குரலைக் கேட்டாலே எனக்குப் பேச்சு நின்றுவிடும். அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்தை நிறுத்தியபின் தையல் கடையில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுக்கிறேன். அம்மா நலம்.

அப்பாவுக்குக் கால் வீக்கம் வயிறுவரை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். "அவன் வரலியா?" என்று தினமும் கேட்கிறார். "பொம்பள மாதிரி நகத்த வளர்த்துக்கினு திரியிறான்" என்று உன்னைத் திட்டிய அதே வாய்தான். மறந்துவிட்டு ஒருமுறை வாயேன்.

சித்ரா

விழுப்புரம்
8.1.2025

அன்புத் தங்கைக்கு,

பிப்ரவரி இரண்டாம் தேதி சென்னையில் ஓர் இசைப் பள்ளியில் நான் வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் கிளாசிக்கல் கிதார் ஆசிரியர் வேலை, நிரந்தரமாக. சினிமாப் பாட்டு மட்டும் கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த மாடி அறையில் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இத்தனை வருடம் காத்திருந்தேன்.

நகம் அழகுக்காக இல்லை, சித்ரா. நைலான் தந்தியை வலது கை நகத்தால்தான் மீட்ட வேண்டும். அது போனால் ஒலி மங்கிவிடும். வளர மாதங்கள் ஆகும்.

இப்போது வந்தால் அப்பாவுடன் சண்டை வரும், பயிற்சி கெடும். வாசித்த மறுநாளே வருகிறேன். அவரிடம் சொல்.

உன் அண்ணன் விருத்தாசலம்

திண்டிவனம்
29.1.2025

அண்ணா,

அப்பா காத்திருக்கவில்லை. கருமாதி முடிந்து நீயும் பஸ் ஏறிவிட்டாய்.

ஏரிக்கரையில் உனக்கு மொட்டையடித்தபின் நகம் வெட்ட உன் கையைப் பிடித்தார்களே, அத்தனை ஆம்பளைகள் நடுவில் எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ. "வலது கைய விட்டுடுங்க" என்றேன். "பாதி நகத்தோட கருமாதியா? அந்தாண்ட போ" என்றார் சித்தப்பா. நீயாவது மறுப்பாய் என்று பார்த்தேன். நீ தலை நிமிராமல் கையை நீட்டி, "வெட்டுங்க. அப்பாவுக்கு இதாவது செய்யறேன்" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை எப்படி வாசிப்பாய்? தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டாயா?

சித்ரா

விழுப்புரம்
10.2.2025

சித்ரா,

கேட்டேன். தள்ளிவைக்க முடியாது என்றார்கள். விரல் சதையால் வாசித்தேன். ஒலி கடைசி வரிசைக்கு எட்டவில்லை. மரியாதையாகவே அனுப்பிவைத்தார்கள். வேலை வேறொருவருக்கு.

நகம் கொஞ்சம் வளர்ந்தது. நேற்று நானே வெட்டிவிட்டேன். பிள்ளைகளை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே.

விருத்தாசலம்

விழுப்புரம்
20.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லாததால் நானே வந்தேன். உன் மாடி அறையில் இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது. பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றுகிறாயாம், கண்டமங்கலத்தில் தங்கியிருக்கிறாயாம், விலாசம் தெரியாதாம். வீட்டுக்கார அம்மா சொன்னார்கள். கிதாரைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. படியில் உட்கார்ந்து இதை எழுதி அவர்களிடமே கொடுத்துப் போகிறேன். எப்போதாவது இந்தப் பக்கம் வருவாய் என்கிறார்கள்.

ஊரில் எல்லோரும் உன்னைத்தான் பேசுகிறார்கள். பெற்றவனுக்குக் குறையில்லாமல் செய்த பிள்ளை என்று சித்தப்பா போகுமிடமெல்லாம் சொல்கிறார். அம்மாவுக்கு அதைக் கேட்பதில் ஓர் ஆறுதல். நான் மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறேன், அண்ணா.

சித்ரா