எண்ணாமல் போன அறுபது பெட்ஷீட்

அக்கா, உன்னைத் திருடியாக்கியது நான் காலியாக விட்ட ஒரு கட்டம்.

இன்று காலை, இப்போது நான் வேலை பார்க்கும் காணிப்பாக்கம் லாட்ஜில் சலவை மூட்டையைப் பிரித்தார்கள். பிளீச்சிங் பவுடர் வாசனை ஆபீஸ் அறைவரை வந்தது. என் முன்னால் எக்செல் திறந்திருந்தது. நேற்றைய வரிசையில் 'போனது' என்ற கட்டம் காலி. அதற்குமேல் வேலை ஓடவில்லை.

திருப்பதி லாட்ஜில் நீ ஸ்டோர் ரூமில் பெட்ஷீட் எண்ணிச் சொல்வாய், நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். வந்தது, போனது, இருப்பு. நேற்றைய இருப்போடு வந்ததைக் கூட்டிப் போனதைக் கழிக்கும் ஃபார்முலாவை மாதக் கடைசிவரை இழுத்து வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. நீ நகரியிலிருந்து காலை ரயிலில் வந்து, புது ஷீட்டின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்ப்பாய். "பத்து தபா தோச்சா கிழிஞ்சிடும் நைனா. இதுக்குப் பேரு துணியா?" தறி ஓடிய வீட்டில் வளர்ந்தவள் நீ.

பிரம்மோற்சவக் கூட்டத்தில் ஒருநாள் மேனேஜர் போன் செய்தார். பக்கத்துக் கட்டடத்துக்கு உடனே மூன்று மூட்டை அனுப்ப வேண்டும், எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை என்றார். நீயே தூக்கி ஆட்டோவில் போட்டாய். மூட்டைக்கு மூட்டை எண்ணிக்கை மாறும்.

"போனதுல இன்னாக்கா போட?"

"எண்ணாததுக்கு இன்னாத்தப் போடுவ? காலியா வுடு. திரும்பி வந்ததும் எண்ணிச் சொல்றேன்."

"சைபர் போட்டுடவா?"

"சைபர்னா ஒண்ணுமே போவலன்னு அர்த்தம். மூணு மூட்டை போச்சே, கண்ணு அவிஞ்சிப் போச்சா உனக்கு?"

காலியாகவே விட்டேன். ஆனால் என் ஃபார்முலாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காலியையும் அது சைபராகத்தான் எடுத்துக்கொண்டது. போன மூட்டைகள் போகாதவையாகி, அதற்குக் கீழே ஒவ்வொரு நாளும் இருப்பு கூடுதலாகவே ஓடியது. மாதக் கடைசியில் ஸ்டோரை எண்ணினார்கள். அறுபது குறைந்தது.

வாசலில் வாட்ச்மேன் உன் பையைத் தலைகீழாகக் கொட்டினான். டிபன் பாக்ஸ், சீப்பு, ரயில் பாஸ், உன் மகளுக்கு வாங்கிய ஜாமென்ட்ரி பாக்ஸ். மேனேஜர் எல்லார் முன்னாலும் சிரித்தார். "நெசவுக்கார ஆளுங்க. துணியக் கண்டா கை சும்மா இருக்குமா?"

"நீதான சார் போன்ல அனுப்பச் சொன்ன? தம்பியக் கேளு" என்றாய்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சேர்ந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. தரையில் கிடந்த சீப்பை எடுத்து உன் பையில் போட்டேன். அன்று நான் செய்தது அவ்வளவுதான். அன்றோடு உன்னை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

அடுத்த வாரம் பக்கத்துக் கட்டடத்திலிருந்து மூட்டைகள் வந்தன. எண்ணினேன். அறுபது. காலிக் கட்டத்தில் அந்த எண்ணைப் போட்டதும் கீழேயிருந்த இருப்பு முழுக்க ஒரே நொடியில் மாறிச் சரியானது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "போனீலே, டேலி ஆயிடுச்சுல்ல. வுடு" என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நகரியில் பவர்லூம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த உனக்குப் போன் செய்தேன். நீ அழவில்லை. "இங்க பவர்லூம் ஓனர் வரைக்கும் சேதி வந்துட்சி. சாயந்தரம் வூட்டுக்குப் போவ சொல்ல என் பைய மட்டும் பாக்கறாங்க. நான் எடுக்கலன்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக் குடு நைனா, போதும்." நாளைக்குக் கேட்கிறேன் என்றேன். அந்த நாளையை நான்கு மாதம் தள்ளினேன். மழைக் காய்ச்சலில் நீ இறந்துபோனாய்.

துக்கம் விசாரிக்க வந்தபோது, நகரி வீட்டில் உன் மகள் எனக்கு டீ கொடுத்துவிட்டுக் கேட்டாள். "ஸ்கூல்ல சொல்றாங்க. எங்கம்மா எடுத்துச்சாண்ணா?" இல்லை என்றேன். "அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?" அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன்.

இப்போது வேறு ஃபார்முலா போடுகிறேன். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அன்றிலிருந்து இருப்பு காட்டாது, கீழே முழுக்க வெறுமையாக நிற்கும். இங்குள்ள முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "ஷீட்ல பாதி காலியா கீதே, இன்னா வேல செய்ற நீ?" என்கிறார். எண்ணாமல் இருப்பு சொல்ல மாட்டேன் என்கிறேன். எப்போது துரத்துவாரோ தெரியாது.

போன திங்கட்கிழமை விடுப்பு போட்டுத் திருப்பதிக்குப் போனேன். அந்த மாத ஷீட்டின் பிரிண்டை மேனேஜர் மேசையில் வைத்தேன். அறுபதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்தேன்.

"அவங்க எடுக்கல. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். நான் உட்காரவில்லை.

"கையெழுத்துப் போடுங்க சார்."