நாலு விரல் தூக்கிய ஜப்பான் வண்டி

12.01.2025, ஞாயிறு

பட்டறைக்கு லீவு. இருந்தும் உப்பு லாரி ஒன்று ஸ்பிரிங் பட்டை முறிந்து வாசலில் வந்து நின்றுவிட்டது. தங்கதுரை வேலைக்கு வரவில்லை. நான் ஒருத்தனே, ஒற்றைக் கையால் கழற்றி மாட்டினேன். மற்றக் கையும் கொஞ்சம் உதவியது.

ஐசு இன்று ஒரு குண்டைப் போட்டாள். ஐசு என்றால் என் அக்கா மகள் ஐஸ்வர்யா. ஜப்பானில் கார்க் கம்பெனியில் மூன்று வருஷம் இன்ஜினியர். போன மாதம் ஊருக்கு வந்தாள். அங்கே அவள் ஓட்டிக்கொண்டிருந்த நீல சுபாரு கார் பின்னாலேயே கப்பலில் வருகிறது. நம்ம துறைமுகத்துக்குத்தான் வருகிறது என்று நான் டீக்கடையில் சொல்லி, பார்க்க வரும்படி நாற்பது பேரை அழைத்து, வேனும் பேசியாகிவிட்டது. (நாற்பது இல்லை, பன்னிரண்டு.) இப்போது சாவகாசமாகச் சொல்கிறாள், வெளிநாட்டில் ஓடின காரை மும்பையில்தான் இறக்க விடுவார்களாம். சட்டமாம்.

டீக்கடைக்குப் போய், கடல் கொந்தளிப்பு, கப்பல்காரன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மும்பைக்குத் திருப்பினான் என்றேன். எல்லாரும் நம்பினார்கள். காயல்பட்டணத்து அம்மார் மட்டும், “அண்ணாச்சி, கப்பல்காரன் என்ன பாஷையில கேட்டான்?” என்றான். துபாயில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்த கொழுப்பு.

14.01.2025

பொங்கல். மூன்று வருஷத்துக்குப் பிறகு ஐசு எங்களோடு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டாள். அக்கா மூன்று தடவை எழுந்து போய்க் கண்ணைத் துடைத்தாள். கேட்டால் புகை என்கிறாள். அடுப்பு அணைந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. என்ன புகை?

27.02.2025, வியாழன்

வந்துவிட்டது!

மும்பையில் சுங்கம், அப்புறம் ஒரு சோதனைக் கூடம், சான்றிதழ், எல்லாம் தாண்டி டிரெய்லரில் வந்து மெயின் ரோட்டில் இறங்கியது. கேஸ் அடுப்புச் சுடர் எரியுமே, அந்த நீலம். பானெட்டில் மூச்சு வாங்க ஒரு ஓட்டை. நாலு சக்கரமும் இழுக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் உப்பு லாரி பக்கத்தில் போவது தெரியாது.

ஆனால் உயரம்? தரைக்கும் அடிவயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. எங்கள் தெருவுக்கு ஒரே வழி, மறுபக்கம் உப்பளம். பட்டறை வாசலில் இருக்கும் வேகத்தடையைத் தாண்டித்தான் வீட்டு கேட். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் கலெக்டர் வரைக்கும் மனுக் கொடுத்துப் போட வைத்த வேகத்தடை அது. ஜில்லாவிலேயே உயரம். ஐசு எவ்வளவோ மெல்லத்தான் ஏற்றினாள். அடியில் கரகரவென்று தேய்ந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருவாளே சின்ன வயசில், அதே முகம். பிறகு இரண்டு பக்கமும் பலகை போட்டு ஏற்றி இறக்கினோம்.

வீட்டு வாசலில் மறுபடி ஸ்டார்ட் செய்தபோது வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஜப்பான் பாஷையில் ஏதோ சொன்னது. அக்கா பதறிப்போய், உள்ளே யாருளா என்றாள். நான் உடனே மொழிபெயர்த்தேன்: “பாத்துப் பத்திரமா போயிட்டு வாங்கன்னு சொல்லுதா.” ஐசு என்னைப் பார்த்தாள். சுங்க வரி எவ்வளவு என்று கேட்டதிலிருந்து அந்த வண்டியைச் சனியன் என்று சொல்லிக்கொண்டிருந்த அக்கா, ஜன்னல் வழியாகக் குனிந்து, “சரிம்மா” என்றாள்.

01.03.2025

நானும் ஐசுவும் நாள் முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்தோம். நம்ம உப்புக் காற்றுக்கு இரும்பு தாங்காது என்று அடிப்பக்கம் பூராவும் கறுப்பு மருந்து பூசினோம். அவள் ஒரு ஸ்பானர் வைத்திருக்கிறாள். முறுக்கம் சரியான அளவுக்கு வந்ததும் கிளிக் என்று சத்தம் போடும். என் கை நாற்பது வருஷமாகக் கிளிக் போடுகிறது என்றேன். சரி மாமா, கையாலேயே ஒரு போல்ட் முறுக்குங்க, சோதிப்போம் என்றாள். சோதித்தோம். ஒரு மயிரிழை பிசகவில்லை! (இரண்டாவது போல்ட்டில்.)

03.03.2025, திங்கள்

சாப்பிடும்போது அக்கா கேட்டே விட்டாள், இங்கேதானே இருப்பே என்று.

ஐசு மறைக்கவில்லை. ஜப்பான் கம்பெனிக்காரன் திரும்ப வரச்சொல்கிறானாம். அவர்களுக்கு ஏப்ரலில்தான் வருஷம் பிறக்கும், மார்ச் இருபதுக்குள் பதில் வேண்டும். இங்கே சிப்காட்டில் புதிதாக வந்திருக்கிற கார் ஆலையும் கூப்பிட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள்.

“அங்க மூணு வருஷம் எனக்குப் பேச்சுத் துணைக்கு இந்த வண்டிதாம்மா. இதுக்கு நம்பர் கிடைச்சு, இந்த ரோட்டுல ஓடுச்சுன்னா நானும் இங்கன இருப்பேன். ஓடலன்னா, இதைத் திருப்பி அனுப்பிட்டு நானும் போறேன். மூடி போட்டு நிறுத்தி வைக்க என்னால முடியாது.”

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான், ஆர்.டி.ஓ. ஆபீஸ் பூரா நம்ம ஆட்கள்தான், நம்பர் என் சட்டைப்பையில் இருக்கிற மாதிரி என்றேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரே ஆள் வாசலில் சைக்கிள் பார்த்துக்கொள்ளும் லிங்கராஜ்.

05.03.2025

ஐசு தோழி கல்யாணத்துக்குச் சென்னை போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலை முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து, அப்படியே ஆர்.டி.ஓ. சோதனைக்கு வருவதாகத் திட்டம்.

யோசித்தேன். அவளுக்கு என்ன குறை? வண்டி நம்ம ரோட்டில் ஓட வேண்டும். அவ்வளவுதானே. உயரம் இல்லை, உயரத்தைக் கொடுத்தால் தீர்ந்தது! தங்கதுரையைக் கூட்டி, லேத்தில் நைலான் கட்டை கடைந்து, நாலு சக்கரத்து ஸ்பிரிங் தலையிலும் வைத்துத் தூக்கிவிட்டேன். நாலு விரல். (தங்கதுரை மூன்று என்கிறான். அவன் விரல் தடி.) வேகத்தடையில் ஏற்றிப் பார்த்தோம். தேயவில்லை. ஐசு வந்து பார்த்துத் துள்ளுவாள்.

தூரத்தில் நின்று பார்த்தால் ஆட்டுக்கடா மாதிரி இருக்கிறது. கம்பீரம்தான்.

07.03.2025, வெள்ளி

வண்டியை நானே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு முன்னதாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஐசு ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். வண்டியைப் பார்த்தாள். கையில் இருந்த பை கீழே விழுந்தது. ஒரு வார்த்தை பேச நேரம் இல்லை, பிரேக் இன்ஸ்பெக்டர் அம்மா டேப்போடு வந்துவிட்டார்கள்.

மரியாதையான அம்மாதான். சான்றிதழில் உள்ள உயரம் வேறு, இங்கே நிற்கிற உயரம் வேறு, கம்பெனி செய்த அமைப்பை மாற்றின வண்டிக்கு நம்பர் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். யார் செய்தது என்று கேட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை நான் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழையபடி ஆக்கி, பதினேழாம் தேதி கொண்டுவரச் சொன்னார்கள்.

வரும் வழியெல்லாம் ஐசு பேசவில்லை. வண்டிக்குள் இருக்கிற வண்டிக்காரி மட்டும் ஜப்பான் பாஷையில் பேசினாள்.

எனக்கு என்னமோ போல இருக்கு. நான் என்ன கெடுக்கவா செஞ்சேன்? அவள இங்கன நிறுத்தணும்னுதானே — அவளுக்கு நாலு வயசுல அத்தான் செத்தாரு. அன்னையிலேர்ந்து அந்தப் பிள்ள எதக் கேட்டாலும் மாமா செஞ்சிருக்கேன்னு சொல்லித்தானே வளத்தேன். இப்ப நானே அனுப்பி வைக்கப் போறேனா? கேக்காமச் செஞ்சேன் பாரு. அதான்.

09.03.2025

கட்டைகளைக் கழற்றினோம். ஐசு தங்கதுரையிடம் மட்டும் பேசுகிறாள். “அண்ணே, அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பானரை மாமாகிட்டேருந்து வாங்குங்க.” நான் ஒரு முழத் தூரத்தில்தான் படுத்திருந்தேன். கொடுத்தேன்.

12.03.2025

ஐசு டேப்பும் நோட்டுமாகச் சிப்காட் வரைக்கும் ஸ்கூட்டரில் போய் எல்லா வேகத்தடையையும் அளந்து வந்திருக்கிறாள். மொத்தம் பதினாறு. பதினைந்தில் வண்டியைச் சாய்வாக ஏற்றினால் தப்பிக்கலாம். ஒன்றே ஒன்றுதான் முடியாது. நம்ம வாசலில் இருப்பது.

தினம் இரண்டு வேளை நானும் தங்கதுரையும் பலகை போடுகிறோம் என்றேன். மழையிலயுமா மாமா என்றாள். ஐந்து நாள் கழித்து அவள் என்னிடம் பேசின முதல் பேச்சு.

14.03.2025

ஐசு கார்ப்பரேஷனுக்கு மனு எழுத உட்கார்ந்திருக்கிறாள். நீங்க மனுக் கொடுத்துப் போட வச்ச மாதிரி நான் மனுக் கொடுத்துக் குறைக்கச் சொல்லப் போறேன் மாமா, எந்த வருஷம், எந்த ஆபீஸ்னு விவரம் சொல்லுங்க என்றாள். தலைவலி என்று மாடிக்கு வந்துவிட்டேன்.

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதுகிறேன். கலெக்டரும் இல்லை, மனுவும் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசம் வேலையே வரவில்லை. லாரியெல்லாம் என் போர்டைப் பார்க்காமல் பறந்தன. நானும் தங்கதுரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூட்டை சிமெண்டைப் போட்டுக் கட்டினோம். லாரி மெதுவாகும், போர்டு தெரியும். மெதுவாகாத லாரிக்குப் பட்டை முறியும், முறிந்த இடத்தில் நான் இருப்பேன். அப்படித்தான் பட்டறை நின்றது.

அவள் மனுவுக்குப் பதில் என்ன வரும்? அங்கே நாங்கள் ஏதும் போடவில்லை என்று வரும். அதை ஐசு படிப்பாள்.

16.03.2025, ஞாயிறு

காலையில் போய் அவள் முன்னால் நின்றேன்.

“ஏளா, மனு எழுதாத. அது கார்ப்பரேஷன் போட்டதில்ல.”

“தெரியும்.”

“நான் போட்டது.”

“தெரியும் மாமா. ஓரத்துல ம.மூ.ன்னு முத்திரை குத்தி வச்சிருக்கீங்க. காலேஜ் போகையிலயே பாத்தேன்.”

மந்திரமூர்த்தி செய்த வேலை என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா என்று ஒவ்வொரு பட்டையிலும் குத்துகிற முத்திரை. ஈர சிமெண்டைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

அப்படியானால் மனு எதற்கு என்றேன். தாளைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு நாளாக எழுதினது ‘ஐயா,’ என்பது மட்டும். அதற்குக் கீழே வெள்ளை. “நீங்களாச் சொல்லுதீங்களான்னு பாத்தேன்” என்றாள்.

நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தங்கதுரை ஓடிவந்து, அண்ணாச்சி, யாவாரம் படுத்துருமே என்றான். படுக்கட்டும்லே என்றேன். மூன்று மணி நேரம் ஆனது. வேறு யார் போட்டிருந்தாலும் பத்து நிமிஷத்தில் பெயர்ந்திருக்கும், நான் போட்டதல்லவா! அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “ஏலே மந்திரம், கலெக்டர் கோவிச்சுக்கிட மாட்டாரா?” என்றாள். இவளுக்கும் தெரிந்திருக்கிறது.

உண்மை பேசுகிற நாளாக இருக்கிறதே என்று வண்டிக்காரி என்னதான் சொல்கிறாள் என்று ஐசுவிடம் கேட்டேன். ஜப்பானில் டோல்கேட்டுக்குப் பணம் கட்டும் அட்டையை வண்டியில் செருகலை என்று சொல்கிறாளாம். அக்காவிடம் சொல்லவில்லை. அவள் தினம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

17.03.2025

இன்ஸ்பெக்டர் அம்மா அளந்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள். லிங்கராஜ் எழுந்து நின்று சல்யூட் வைத்தான். (சைக்கிளை நிமிர்த்த எழுந்தான்.)

20.03.2025

ஐசு ஜப்பானுக்கு மெயில் அனுப்பினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

கேட்டேன். சொல்லவில்லை. சாயந்திரம் டீக்கடையில், கலெக்டரே வந்து கேட்டுக்கொண்டதால் வேகத்தடையை எடுத்தேன் என்று சொன்னேன். அம்மார் சிரித்துக்கொண்டே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

15.04.2025, செவ்வாய்

காலையில் ஒரு லாரியும் நிற்கவில்லை. எல்லாம் பறக்கின்றன. மெயின் ரோட்டில் தெரிகிற மாதிரி பெரிய போர்டு ஒன்று எழுதக் கொடுத்திருக்கிறேன், தென்னிந்தியாவிலேயே ஜப்பான் வண்டி பார்க்கும் ஒரே பட்டறை என்று. ஒரு வண்டிதான். ஆனாலும் பார்க்கிறோம்.

ஏழரைக்கு ஐசு கிளம்பினாள், கழுத்தில் சிப்காட் ஆலை அட்டை. வண்டிக்காரி வழக்கமானதைச் சொன்னாள். அக்கா, “சரிம்மா, நீ பாத்துக்கோ அவள” என்றாள்.

சாயந்திரம் ஆறு பத்துக்கு வந்தாள். வாசலில் வேகம் குறைக்கவே இல்லை. கேட்டுக்குள் நுழைந்து, வண்டி சுவரில் மோதாமல் இருக்கவென்று, பெயர்த்த வேகத்தடையிலிருந்து அவள் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவர் ஓரம் வைத்த சிமெண்ட் துண்டில், ம.மூ. என்ற எழுத்தில், சக்கரம் மெல்ல முட்டி நின்றது.